வினைச்சொல் பிடிபட்டால் ஸ்பானிஷ் பிடிபடும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

டெல்லியில் ஸ்பானிஷ் படிக்கும் தமிழர்களை இப்போது எல்லாப் பக்கமும் பார்க்க முடிகிறது. குருகிராமிலும் நொய்டாவிலும் மெக்சிகோ, கொலம்பியா வாடிக்கையாளர்களோடு இரவு ஷிப்டில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜேஎன்யுவில் பட்டப்படிப்பாகவே எடுத்தவர்கள் இருக்கிறார்கள். கன்னாட் பிளேஸ் பக்கத்தில் ஹனுமான் ரோட்டில் உள்ள செர்வாந்தெஸ் நிலையத்துக்கு, அதாவது ஸ்பெயின் அரசின் மொழி, பண்பாட்டு மையத்துக்கு, வகுப்புக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி, 20 நாடுகளில் ஆட்சிமொழி. படிக்க வேண்டிய மொழிதான்.

இன்று நான் பேசப்போவது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக அல்ல. ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உண்டு. முதல் இரண்டு படிகளைச் சுறுசுறுப்பாக ஏறிவிட்டு, பி1 என்ற மூன்றாவது படியில் வந்து நின்றுபோகிறவர்கள் பலர். காய்கறிப் பெயர் தெரியும், நிறங்கள் தெரியும், காபி கேட்கத் தெரியும். நேற்று என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னால் மட்டும் வாய் திறப்பதில்லை. இவர்களுக்கு வகுப்பெடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: குறை திறமையில் இல்லை. வினைச்சொல்லை இங்கிலீஷ் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ப் பிடிக்கப் பார்க்கிறார்கள், அதுதான் சிக்கல். தமிழிலிருந்து நேராகப் போகும் வழி பல இடங்களில் திறந்தே கிடக்கிறது.

'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதை எடுத்துக்கொள்வோம். ஸ்பானிஷில் 'மே குஸ்தா எல் கஃபே'. 'மே' என்றால் எனக்கு. இங்கிலீஷ் மனதோடு வருகிறவர் 'நான்' என்று தொடங்கி 'யோ குஸ்தோ' என்று சொல்லித் தடுக்கி விழுவார். 'எனக்கு' என்று தொடங்கப் பழகிய நாம் ஏன் விழ வேண்டும்? எனக்குத் தலை வலிக்கிறது, 'மே துவேலே லா கபேஸா'. எனக்குத் தோன்றுகிறது, 'மே பரேஸே'. டெல்லியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஹிந்தியின் 'முஜே'யும் துணைக்கு இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: தமிழில் புத்தகம் என்றாலும் புத்தகங்கள் என்றாலும் 'பிடிக்கும்' தான். ஸ்பானிஷில் பொருள் பன்மையானால் வினையும் மாறும், 'மே குஸ்தான்' என்று ஆகும்.

இன்னொன்று. தம்பியைப் பார்த்தேன் என்கிறோம், டிவி பார்த்தேன் என்கிறோம். மனிதருக்கு 'ஐ' கட்டாயம், டிவிக்கு விட்டுவிடலாம். ஸ்பானிஷும் ஆளைப் பார்த்தால் நடுவில் ஒரு 'ஆ' போடும்: 'வேயோ ஆ மி எர்மானோ'. டிவிக்கு அது வேண்டாம்: 'வேயோ லா தேலே'. இதை விதியாக மனப்பாடம் செய்யத் திணறும் மாணவர்களிடம், 'ஐ வருகிறதா என்று தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்' என்பேன். பெரும்பாலும் சரியாக வந்துவிடும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். மயூர் விஹாரிலிருந்து வரும் ஒரு மாணவர். மெட்ரோ படிக்கட்டில் அவருடைய போன் கைதவறி விழுந்துவிட்டது. வகுப்புக்கு வந்ததும் 'ரோம்ப்பீ எல் செலுலார்' என்றார். இலக்கணப்படி பிழையே இல்லை. ஆனால் ஸ்பானியர் காதில் 'போனை நான் உடைத்தேன்' என்று விழும், கோபத்தில் சுவரில் அடித்தாரோ என்று நினைக்க வைக்கும். 'என்ன ஆச்சுன்னு தமிழில் சொல்லுப்பா' என்றேன். 'போன் கீழே விழுந்து உடைஞ்சு போச்சு, மேம்' என்றார். அவ்வளவுதான், அந்த வாக்கியத்துக்குள்ளேயே ஸ்பானிஷ் இருக்கிறது. 'ஸே மே கயோ இ ஸே மே ரோம்ப்பியோ.' தானாக விழுந்தது, தானாக உடைந்தது, பாதிக்கப்பட்டவன் நான். நாம் 'போச்சு' போடும் இடத்தில் அவர்கள் 'ஸே மே' போடுகிறார்கள்.

இதை வைத்து எத்தனை வாக்கியம் கிடைக்கிறது, பாருங்கள். மறந்துபோச்சு, 'ஸே மே ஓல்விதோ'. தீர்ந்துபோச்சு, 'ஸே மே அக்கபோ'. சாவி தொலைஞ்சு போச்சு, 'ஸே மே பெர்தியோ லா யாவே'. சோறு அடிப்பிடிச்சுப் போச்சு, 'ஸே மே கெமோ எல் அர்ரோஸ்'. நேரமாகிப் போச்சு, 'ஸே மே ஈஸோ தார்தே'. இங்கிலீஷ் வழியாக வருகிறவருக்கு இது உயர்நிலைப் பாடம். தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்குச் சமையலறைப் பேச்சு.

இதே கணக்கில்தான் துணைவினைகளும். செய்துபார், செய்துவை, செய்துவிடு என்று ஒரு வினையோடு இன்னொன்றைக் கோத்துப் பேசுவது நமக்குப் பழக்கம். ஸ்பானிஷிலும் அப்படிக் கோப்பதற்கென்றே சில வினைகள் உண்டு. பி1 மாணவருக்கு நூறு புதுப் பெயர்ச்சொல்லைவிட இவைதான் கைகொடுக்கும். இப்போதுதான் சாப்பிட்டேன், 'அக்காபோ தே கொமேர்'. மறுபடி படித்தேன், 'வொல்வீ ஆ லெயேர்'. சிகரெட் பிடிப்பதை விட்டுவிட்டேன், 'தெஹே தே ஃபுமார்'. இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், 'சீகோ எஸ்தூதியாந்தோ'. மூன்று வருஷமாக டெல்லியில் இருக்கிறேன், 'யேவோ த்ரேஸ் ஆன்யோஸ் விவியேந்தோ என் தெல்லி'. இந்த ஐந்தும் நாக்கில் ஏறிவிட்டால், எதிரே இருப்பவர் உங்களோடு பேசும் வேகமே மாறிவிடும்.

சரி, இறந்தகாலம். நடுப்படியில் எல்லோரையும் மடக்குவது இதுதான். ஸ்பானிஷில் இறந்தகாலம் இரண்டு விதம். ஒன்று, நடந்து முடிந்தது. மற்றது, அப்போது வழக்கமாக நடந்தது, அல்லது நடந்துகொண்டிருந்தது. 'போன வருஷம் கும்பகோணம் போனோம்' என்றால் முடிந்த கதை, 'ஃபுயீமோஸ்'. 'சின்ன வயசில் லீவு விட்டால் கும்பகோணம் போவோம்' என்கிறோம் இல்லையா? பழைய கதை, வினை மட்டும் எதிர்கால வடிவில் நிற்கிறது. அந்தப் 'போவோம்' வரும் இடமெல்லாம் ஸ்பானிஷில் 'ஈபாமோஸ்'. 'மழை பெய்துகொண்டிருந்தது, பஸ் வந்தது' என்பதில் மழைக்கு இரண்டாம் வடிவம், 'யொவீயா'. பஸ்ஸுக்கு முதல் வடிவம், 'யெகோ'. தமிழில் 'கொண்டிருந்தது' வருகிறதா, 'போவோம், வருவார்' மாதிரி வருகிறதா என்று காதுகொடுத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதிக்குத் தமிழ் உதவாது. 'வீடு பெரிதாக இருந்தது' என்றால் எந்த வடிவம் என்று தமிழ் சொல்லாது. சில வினைகளுக்கு வடிவம் மாறினால் பொருளே நகரும்: 'சபீயா' என்றால் முன்பே தெரிந்திருந்தது, 'சூப்பே' என்றால் அப்போதுதான் தெரியவந்தது. இதையெல்லாம் வாசித்தும் கேட்டும்தான் பிடிக்க வேண்டும்.

இது வானொலி என்பதால் ஒலி பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேளுங்கள்: 'ஆப்லொ'. முதல் அசையில் அழுத்தம், நான் பேசுகிறேன் என்று பொருள். 'அப்லோ'. கடைசி அசையில் அழுத்தம், அவர் பேசினார் என்று பொருள். எழுத்தில் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். ஆளும் மாறுகிறது, காலமும் மாறுகிறது. தமிழில் அழுத்தத்தால் பொருள் மாறாது, நெடில் குறிலால்தான் மாறும். அதனால் அழுத்தம் விழும் அசையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லிப் பழகச் சொல்வேன். நம் காதுக்கு அது உடனே உறைக்கும். நமக்குள்ள ஒரு வசதியும் உண்டு: 'கெரீயா' என்றால் விரும்பினேன், நடுவில் 'ர்ர' என்று உருட்டி 'கெர்ரீயா' என்றால் விரும்புவேன். இந்த வித்தியாசத்தைத் தமிழ் நாக்கு சிரமமில்லாமல் காட்டும்.

அப்புறம், சொல்வளம். தனித்தனிச் சொல்லாக அட்டையில் எழுதிக் குவிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் மாணவி ஒருத்தியின் கோடுபோட்ட லாங் சைஸ் நோட்டில் வினைக்கு ஒரு பக்கம். 'பொனேர்' பக்கத்தைச் சொல்கிறேன். வை, போடு என்று பொருள். மேலே மூன்று வடிவங்கள்: 'போங்கோ', வைக்கிறேன். 'பூஸே', வைத்தேன். 'போங்கா', ஆசை, வேண்டுகோள் சொல்லும்போது வரும் வடிவம். அதன் கீழே குடும்பம்: 'சுப்பொனேர்', ஊகி. 'ப்ரொப்பொனேர்', முன்மொழி. 'கொம்ப்பொனேர்', இயற்று. 'ஓப்பொனேர்ஸே', எதிர்த்து நில். எல்லாம் 'பொனேர்' போலவே திரியும். 'பூஸே' தெரிந்தால் 'சுப்பூஸே', 'ப்ரொப்பூஸே' தானே வரும். பக்கத்தின் அடியில் அவள் ஆபீஸில் நிஜமாகச் சொன்ன ஒரு வாக்கியம்: 'ப்ரொப்பூஸே ஓத்ரா ஃபேச்சா', வேறு தேதி சொன்னேன். 'தெனேர்' பக்கத்தில் 'மன்தெனேர்', 'ஒப்தெனேர்', 'தெத்தெனேர்'. 'த்ரயேர்' பக்கத்தில் 'அத்ரயேர்', 'திஸ்த்ரயேர்'. இப்படிப் பத்துப் பக்கம் நிரம்பினால், சொல்வளமும் வினைத்திரிபும் ஒரே உழைப்பில் வளர்கின்றன.

அந்த மூன்று வடிவங்களை மேலே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'நான்' வடிவத்திலிருந்துதான் மூன்றாவது பிறக்கிறது: 'தேங்கோ, தேங்கா', 'வேங்கோ, வேங்கா', 'தீகோ, தீகா'. 'நீ வரணும்னு ஆசைப்படுகிறேன்' என்றால் 'கியேரோ கே வேங்காஸ்'. 'வரணும்' என்று நாம் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் இது பொருந்தும். ஆனால் 'வீட்டுக்கு வந்ததும்' என்று நாம் இரண்டுக்கும் ஒன்றாகச் சொல்வதை அவர்கள் பிரிக்கிறார்கள். தினமும் வந்ததும் என்றால் 'குவாந்தோ யேகோ'. இனிமேல் வந்ததும் என்றால் 'குவாந்தோ யேகே'. இந்த இடத்தில் தமிழை நம்பினால் சறுக்கும்.

அலுவலகத்தில் பேசுகிறவர்கள் எந்த நாட்டோடு பேசுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கணினிக்கு ஸ்பெயினில் 'ஓர்தெனதோர்', லத்தீன் அமெரிக்காவில் 'கொம்ப்புத்ததோரா'. பஸ் பிடிப்பதற்கு ஸ்பெயினில் சாதாரணமாகச் சொல்லும் 'கொஹேர்' என்ற வினை மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கொச்சையான சொல், அங்கே 'தொமார்' தான். 'நீங்கள்' என்ற மரியாதைக்கு 'உஸ்தேத்'. நமக்கு அந்த மரியாதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் வினை 'அவர்' வடிவத்தில் வரும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வினை எப்படித் திரியும் என்ற சந்தேகத்துக்குக் கண்ட இடத்தில் தேட வேண்டாம். 1713-இல் தொடங்கிய ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசம், ஒவ்வொரு வினைக்கும் முழுத் திரிபும் அதிலேயே இருக்கிறது. கேட்பதற்கு ஸ்பெயினின் தேசிய வானொலிச் செய்தி இருக்கிறது. ஒரு செய்தியை மூன்று முறை கேளுங்கள், மூன்றாவது முறை காதில் விழும் வினைகளை மட்டும் எழுதுங்கள், பெயர்ச்சொற்களை விட்டுவிடுங்கள். இரவு படுக்கும் முன் அன்றைக்கு நடந்ததை நாலைந்து வாக்கியமாக ஸ்பானிஷில் வாய்விட்டுச் சொல்லுங்கள். தண்ணீர் வராதது, மெட்ரோவில் இடம் கிடைக்காதது, ஊரிலிருந்து அம்மா போன் செய்தது, எதுவானாலும் சரி.

வாய்விட்டு என்று நான் வற்புறுத்துவதற்குத் தேர்வும் ஒரு காரணம். செர்வாந்தெஸ் நிலையம் நடத்தும் தெலே என்ற ஸ்பானிஷ் தகுதித் தேர்வில் பி1 மதிப்பெண் இரண்டு கட்டாகப் பிரிகிறது. வாசிப்பும் எழுத்தும் ஒரு கட்டு, கேட்பதும் பேசுவதும் ஒரு கட்டு. ஒவ்வொன்றுக்கும் 50, இரண்டிலும் தனித்தனியே 30 வாங்கியாக வேண்டும். எழுத்தில் அள்ளிவிட்டுப் பேச்சில் கோட்டைவிட்டால் தேற முடியாது. நம் பிள்ளைகள் எழுத்துக்குப் பயப்படுவதில்லை. அதனால் இந்த வாரத்திலிருந்து படிப்பு நேரத்தில் பாதியைப் பேச்சுக்கு ஒதுக்குங்கள். தனியாகப் பேசக் கூச்சமாக இருந்தால், அதே தேர்வுக்குப் படிக்கும் இன்னொருவரோடு போனில் பேசுங்கள்.

வணக்கம்.