முதலில் நலமான விலங்கைப் பாருங்கள்

கால்நடை மருத்துவம் படிக்க விரும்பும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்குமான கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.

அனைவருக்கும் வணக்கம்.

ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எனக்கு விலங்குகள் என்றால் உயிர்." நல்லது, அந்தப் பிரியம் வேண்டியதுதான். ஆனால் உங்களுக்கு விலங்கைப் பிடிக்கும் என்பது வேறு, உங்கள் கையில் அந்த விலங்கு அமைதியாக நிற்கும் என்பது வேறு. வீட்டு நாய் மடியில் ஏறிப் படுத்துக்கொள்வதை வைத்து இரண்டாவதும் வந்துவிட்டதாக நினைக்கிறோம். முன்பின் தெரியாத ஒரு நாய், வலியோடு, பழகாத வாசனையுள்ள அறையில், உலோக மேஜைமேல் நிற்கும்போதுதான் விஷயம் தெரியும்.

அதனால்தான் பல நாடுகளில் கல்லூரிகள் விண்ணப்பத்திலேயே கேட்கின்றன: விலங்குகளோடு வேலை செய்திருக்கிறீர்களா, எங்கே, என்ன செய்தீர்கள்? கேட்காத நாடுகளும் உண்டு. மதிப்பெண் போதும், இடம் கிடைத்துவிடும். அங்கே படிக்கப் போகிறவர்களுக்கும் இந்தப் பேச்சு பொருந்தும். விண்ணப்பத்தில் கேட்காவிட்டாலும் மாடு கேட்கும்.

இந்தப் படிப்பு தொடங்கிய கதையே இதைத்தான் காட்டுகிறது. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சில் லியோன் நகரில் உருவானது. ஆண்டு 1761. அதை நிறுவிய குளோத் பூர்ஷலா அதற்கு முன்பு அந்த ஊரின் குதிரையேற்றப் பள்ளியை நடத்திவந்தவர். குதிரை எப்படி நிற்கும், எப்படி நடக்கும், எந்தக் காலில் பாரம் போடத் தயங்கும் என்று வருடக்கணக்கில் பார்த்துப் பழகியவர்தான் அதன் நோய்களைப் படிக்க ஒரு பள்ளி வேண்டும் என்று கிளம்பினார்.

சரி, அனுபவம் என்றால் எது? இரண்டு வகை உண்டு. கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் மருத்துவமனையிலோ கள வேலையிலோ கூட இருப்பது ஒன்று. பண்ணை, லாயம், விலங்குக் காப்பகம் போன்ற இடங்களில் தீனி போட்டு, கொட்டில் கழுவி, விலங்கைப் பராமரிப்பது இன்னொன்று. அமெரிக்கக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் பொது விண்ணப்பத்தில் இரண்டையும் தனித்தனியாகவே நிரப்ப வேண்டும்.

எல்லோரும் முதலில் ஓடுவது மருத்துவமனைக்கு. அறுவை சிகிச்சை பார்க்க வேண்டும், எக்ஸ்ரே பார்க்க வேண்டும் என்ற ஆசை. நான் சொல்வது நேர்மாறு: முதலில் பண்ணைக்குப் போங்கள், மருத்துவமனை அப்புறம். மருத்துவமனைக்கு வருகிற விலங்கு பெரும்பாலும் நோயோடோ வலியோடோ பயத்தோடோ வருகிறது. நலமாக இருக்கும் விலங்கைப் பார்த்தே பழகாதவருக்கு அதில் எது நோய், எது பயம், எது அந்த விலங்கின் இயல்பு என்று எப்படித் தெரியும்?

ஒரு பசுவை எடுத்துக்கொள்வோம். கொட்டிலில் அதற்குப் பக்கத்தில் நின்று, சும்மா பாருங்கள். இடது பக்கம் கடைசி விலாவுக்குப் பின்னால், இடுப்பெலும்புக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கும். பண்ணைக்காரர் கூட இருக்கும்போது, அவர் சரி என்றால், உள்ளங்கையை அங்கே அழுத்தி வையுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அப்புறம் உள்ளிருந்து ஏதோ மெதுவாக எழும்பிக் கையைத் தள்ளிவிட்டு இறங்கும். அதுதான் பெருவயிறு, அதாவது மாட்டு வயிற்றின் நான்கு அறைகளில் மிகப் பெரியது, சுருங்கி விரிவது. நலமான மாட்டுக்கு நிமிடத்துக்கு ஒன்று, சில சமயம் இரண்டு முறை இது நடக்கும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். பிறகு முகத்தைப் பாருங்கள். படுத்து அசைபோடும் மாட்டின் தாடை ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று நிற்கும். ஒரு கவளம் கீழே இறங்குவதும் அடுத்தது மேலே வருவதும் கழுத்தின் இடப்பக்கம் கண்ணுக்கே தெரியும். மறுபடி தாளம் தொடங்கும். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் மாட்டுக்கு இதுதான் வேலை.

இதைப் பல நாள் பார்த்தவர், கையைத் தள்ளும் அந்த எழும்பல் வராத மாட்டை என்றாவது தொடும்போது சட்டென்று உணர்வார். மூட்டு வலி வந்த பாட்டியின் நடையை வாசலில் கேட்டே இன்று முடியவில்லை போல என்று வீட்டில் இருப்பவர் கண்டுபிடிப்பது போலத்தான். அந்தப் பழக்கத்தைக் கல்லூரியில் பாடமாகச் சொல்வார்கள், ஆனால் அங்கே நேரம் குறைவு, மாணவர்கள் அதிகம், மாடு ஒன்று.

அடுத்தது நகர்த்துவது. புதிதாக வருகிறவர்கள் மாட்டைத் தள்ளப் பார்ப்பார்கள். உங்களைப்போலப் பல மடங்கு எடையுள்ள உடம்பைத் தள்ளி என்ன ஆகப்போகிறது? மாட்டுக்கு உங்களுக்கும் தனக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குள் நீங்கள் காலடி வைத்தால் விலகும், நீங்கள் பின்வாங்கினால் நின்றுவிடும். பழகிய மாட்டுக்கு அந்த இடைவெளி அநேகமாக இல்லை. மேய்ச்சலில் மனிதரைப் பார்க்காமல் வளர்ந்த மாட்டுக்கு அது பல மீட்டர் இருக்கும். இன்னொன்று தோள். தோளுக்குப் பின்னால் நின்று அருகில் வந்தால் முன்னே நடக்கும், தோளுக்கு முன்னால் வந்தால் பின்வாங்கும். அதட்டல், குச்சி எதுவும் வேண்டாம், ஓரிரு அடி நகர்ந்து நின்றால் போதும். நேர் பின்னால் மட்டும் போகாதீர்கள், அங்கே அதற்குக் கண் தெரியாது. மாட்டின் பின்னங்கால் முன்னும் பக்கவாட்டிலும்கூட வீசும் என்பதால் பக்கத்தில் நிற்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை.

டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கக் கால்நடை அறிவியல் அறிஞர் இதில் பெரிய வேலை செய்தவர். மாடுகள் ஓரிடத்தில் வந்ததும் மிரண்டு நிற்கின்றனவே, ஏன் என்று பார்க்க, மாடு போகிற குறுகலான பாதையில் அவரே இறங்கி, மாட்டின் கண் உயரத்தில் பார்த்தார். தொங்கி ஆடும் சங்கிலி, தரையில் விழும் நிழல், தேங்கிய தண்ணீரின் பளபளப்பு, வேலியில் யாரோ போட்ட சட்டை. நமக்கு ஒன்றுமில்லாத சமாச்சாரங்கள். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவைப்படவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

மற்ற விலங்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குதிரையிடம் பேசிக்கொண்டே தோள் பக்கமாகப் போங்கள். பிடிக்கும் கயிற்றை ஒருநாளும் கையில் சுற்றாதீர்கள், மிரண்டு ஓடினால் விரலோடு போகும். முயலைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பது தெரிந்திருக்கும். பின்பகுதியைத் தாங்காமல் தூக்கினாலும் ஆபத்துதான். அது உதைக்கிற வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியலாம். பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பாசத்தில் மார்பை இறுக்கிப் பிடித்தால் சத்தமில்லாமல் செத்துப்போகும்.

பூனையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நகரத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் முதலில் கைக்கு வரும். கூடைக்குள் பூனை பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. காது பக்கவாட்டில் மடிந்திருக்கிறது, கண்மணி விரிந்திருக்கிறது. கத்தவில்லை, எனவே சமாதானமாக இருக்கிறது என்று கையை விடுகிறார்கள். கீறல் வாங்குவது அப்போதுதான். அனுபவமுள்ள உதவியாளர் என்ன செய்கிறார் பாருங்கள். கூடையின் மேல்பாதியைக் கழற்றுகிறார். பூனை கீழ்ப்பாதியிலேயே இருக்கட்டும் என்று விடுகிறார். மேலே ஒரு துண்டைப் போர்த்துகிறார். துண்டுக்குள் கை போகிறது, தேவையான பகுதி மட்டும் வெளியே வருகிறது. மருத்துவர் அங்கேயே காய்ச்சல் பார்க்கிறார், அங்கேயே நெஞ்சைக் கேட்கிறார். முன்பெல்லாம் பிடறித் தோலைப் பிடித்துத் தூக்குவது வழக்கமாக இருந்தது. இப்போது பூனை மருத்துவர்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. நாயிலும் இப்படித்தான்: உறுமலுக்கு முன்பே உதட்டை நக்குவது, தூக்கம் வராமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளைவிழி தெரியப் பார்ப்பது என்று அது சொல்லிக்கொண்டேதான் இருக்கும். உறுமியதற்காகத் திட்டாதீர்கள். உறுமாமல் கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

பண்ணையில் உங்களுக்குக் கொடுக்கும் வேலை முக்கால்வாசி சாணம் அள்ளுவதாகத்தான் இருக்கும். "பையன் டாக்டராகப் போகிறான், சாணி அள்ள வைக்கிறார்களே" என்று சில பெற்றோருக்கு வருத்தம். சாணம் தண்ணீராகப் போகிறதா, கெட்டியாக இருக்கிறதா, அதில் செரிக்காத தானியம் தெரிகிறதா, ரத்தம் இருக்கிறதா என்று அள்ளுகிறவருக்குத்தான் முதலில் தெரியும். கறவை நேரத்தில் கூட இருக்கக் கிடைத்தால் விடாதீர்கள். மடியைத் துடைத்து, காம்பைத் தொட்டுத் தூண்டியபின் ஒரு நிமிடம் அளவில் பால் இறங்கும். அந்த நேரத்தில் யாராவது கத்தினாலோ மாட்டை அடித்தாலோ பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அதைத் தடுத்துவிடும். கத்துகிற ஆள் இருக்கும் பண்ணையில் பால் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கன்று பிறக்கும் நேரத்தில் இருந்தால் சீம்பாலைக் கவனியுங்கள். மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் பொருள்கள் கன்றுக்குப் போவதில்லை. சீம்பாலில்தான் வருகின்றன. அவற்றை அப்படியே உள்ளே விடும் கன்றின் குடல், பிறந்து சுமார் 24 மணி நேரத்தில் அந்தக் கதவை மூடிவிடுகிறது. முதல் சில மணி நேரம்தான் பொன்னானது. இதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தவரும், எழுந்து நிற்க முடியாத கன்றுக்கு நடுராத்திரியில் சீம்பால் புகட்டியவரும் நேர்முகத் தேர்வில் ஒரே பதிலைச் சொன்னாலும் கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியும்.

கஷ்டமான பக்கத்தையும் பார்த்துவிட்டு வர வேண்டும். குணமாக வாய்ப்பில்லாத விலங்கைக் கருணைக்கொலை செய்வது இந்தத் தொழிலின் வாடிக்கையான வேலை. குணப்படுத்தக்கூடிய விலங்குக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை என்று உரிமையாளர் சொல்லும் நாள் வரும். பால் வற்றிய மாடு பண்ணையை விட்டுப் போகும். உணவுக்காக வளர்க்கும் விலங்குகள் எங்கே போகின்றன என்பதும் கால்நடை மருத்துவரின் பொறுப்புக்குள் வருகிறது, இறைச்சிக்கூடத்தில் பரிசோதிப்பதே பலருக்கு வேலை. இதெல்லாம் ஒத்துவராது என்று சேருவதற்கு முன் தெரிந்துகொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. விலங்கியல், ஆராய்ச்சி, பயிற்சியாளர் வேலை என்று வேறு வழிகள் இருக்கின்றன.

பெற்றோர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். விலங்கிடமிருந்து மனிதருக்கு வரும் நோய்கள் உண்டு. வெறிநோய்க்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். எங்கே வேலைக்குப் போவதானாலும் மருத்துவரிடம் இதைப் பேசுங்கள். போட்டிருந்தாலும் கடி பட்டால் உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, மறுபடி ஊசிக்குப் போக வேண்டும். படர்தாமரை கன்றிலிருந்தும் பூனையிலிருந்தும் தொற்றும். எலிக்காய்ச்சல் சிறுநீர் கலந்த தண்ணீரில் வரும், எனவே காலில் புண்ணோடு கொட்டிலில் இறங்காதீர்கள். கருச்சிதைவான மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொட்டால் புருசெல்லோசிஸ் என்ற தொற்றுநோய் வரலாம். கர்ப்பிணிகள் ஆடு குட்டி போடும் இடத்துக்குப் போகவே கூடாது. தொழுவத்தில் எதையும் தின்னாதீர்கள், கை கழுவாமல் கைபேசியை எடுக்காதீர்கள். ஒரு பண்ணையிலிருந்து அதே செருப்போடு இன்னொரு பண்ணைக்குப் போவதும் தப்பு. கோமாரியைச் சுமந்துகொண்டு போக அது போதும்.

வாய்ப்பு கேட்கப் போகும்போது "எனக்கு அனுபவம் வேண்டும்" என்று தொடங்காதீர்கள். அது உங்கள் தேவை. "காலையில் வந்து கொட்டில் கழுவித் தருகிறேன், எந்தக் கிழமைகளில் வரலாம்?" என்று கேளுங்கள். வருகிறேன் என்ற நேரத்துக்கு வாருங்கள், விலங்குக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மருத்துவமனையில் ஊசி போடவா, தையல் போடவா என்று கேட்காதீர்கள். தகுதி இல்லாதவர் அதைச் செய்யக் கூடாது, செய்யவிடுகிற இடம் நல்ல இடமும் இல்லை. வாடிக்கையாளரின் விலங்கைப் படம் எடுத்து எங்கும் போடாதீர்கள்.

தினமும் இரவில் குறிப்பு எழுதுங்கள். தேதி, எத்தனை மணி நேரம், எந்த விலங்கு, நீங்கள் கைப்பட என்ன செய்தீர்கள், என்ன புரியவில்லை. கடைசியில் சொன்னதுதான் உபயோகம். "அறுவை சிகிச்சை பார்த்தேன், சிறப்பாக இருந்தது" என்று எழுதிய நோட்டால் ஒரு பயனும் இல்லை. "இரண்டு மாடும் ஒரே தீனிதான், ஒன்று மட்டும் ஏன் இளைக்கிறது? கேட்டேன், பல்லைப் பாருங்கள் என்றார்" என்று எழுதியவரிடம் நேர்முகத்தில் அரை மணி நேரம் பேசலாம். மணி நேரத்தைக் கூட்டி எழுதுகிற ஆசை வரும். வேண்டாம், நலமான மாட்டின் உடல் வெப்பம் எவ்வளவு இருக்கும் என்று ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். சுமார் 38.5 டிகிரி செல்சியஸ், இப்போதே சொல்லிவிட்டேன்.

பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டால் வேலை முடிந்த வாரமே கேளுங்கள். அடுத்த வருடம் விண்ணப்ப நேரத்தில் போய் நின்றால் அவருக்கு உங்கள் முகம் நினைவிருக்கும், என்ன செய்தீர்கள் என்பது நினைவிருக்காது.

இவ்வளவுதான். கேள்விகளுக்கு வருவோம். நாய் என்றால் பயம், ஆனால் மாட்டு மருத்துவராக ஆசை என்று ஒரு சீட்டு வந்திருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம்.