ஹெலியில் ஏற்றினால் மட்டும் போதுமா?

வணக்கம் நேயர்களே. கொழும்பில் நாங்கள் 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது, அதிலேயே அவசர சிகிச்சைக்குப் பயிற்சி பெற்ற ஒருவரும் வருகிறார். ஆகாயத்தில் கொண்டுபோகும் நோயாளிக்கும் அப்படி ஒருவர் வேண்டும் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

ஹெலிகொப்டரில் நோயாளியைக் கொண்டுபோனாலே மெடிவேக் என்று சொல்லிவிடுகிறோம். அது சரியில்லை. மருத்துவம் தெரிந்தவர் கருவிகளோடு கூட இருந்து, பறக்கும்போதே சிகிச்சை கொடுத்தால்தான் மெடிவேக். கிடைத்ததில் ஏற்றிக்கொண்டு ஓடுவது கேஸிவேக். வேறு வழியே இல்லாதபோது அதுவும் உயிரைக் காக்கும், மறுக்கவில்லை.

1950இல் தொடங்கிய கொரியப் போரில் பெல் 47 என்ற சின்ன ஹெலிகொப்டரின் வெளிப்பக்கத்தில் ஸ்ட்ரெச்சரைக் கட்டித்தான் காயப்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள். பலர் பிழைத்தார்கள், ஆனால் நடுவானில் இரத்தம் பெருகினால் எட்டித் தொட ஆளில்லை. வியட்நாம் போரில் வந்த ஹியூயி என்ற பெரிய ஹெலிகொப்டரில் ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது, பக்கத்தில் மருத்துவ உதவியாளரும் உட்கார்ந்தார்.

பறப்பதே சில நோயாளிகளுக்கு ஆபத்து. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், நெஞ்சுக்குள் நுரையீரலுக்கு வெளியே காற்றுத் தேங்கியிருந்தால் அது விரிந்து நுரையீரலை இன்னும் நெருக்கும், அதனால் ஏற்றுவதற்கு முன்பே குழாய் போட்டு அந்தக் காற்றை வெளியேற்றவேண்டும். இன்ஜின் சத்தத்தில் ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் கேட்காது, திரையைப் பார்த்துத்தான் நாடித்துடிப்பையும் ஒட்சிசன் அளவையும் கவனிக்கவேண்டும். இதெல்லாம் பழகிய கைக்குத்தான் வரும்.

நெடுந்தீவில் ஒருவருக்குக் கடும் வருத்தம் வந்தால் யாழ்ப்பாணம் போகக் கடலைத் தாண்டவேண்டும், காற்றுக்காலத்தில் படகை நம்பமுடியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மண்சரிவால் வீதி அறுந்த மலையக ஊர்களுக்கும் ஹெலிதான் போனது. இந்த மக்களுக்காக, பறக்கப் பயிற்சி பெற்ற தாதியரும் வைத்தியர்களும் எப்போதும் தயாராக இருக்கும் ஏற்பாடு வேண்டும். இதை நாங்கள் கேட்டே ஆகவேண்டும்.

அப்புறம், உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் ஹெலி இறங்கினால் பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள், தகரம், படங்கு, தொப்பி எதையும் வெளியில் விடாதீர்கள், காற்றில் கிளம்பிவிடும். வால்பக்கச் சுழலி சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது, அந்தப் பக்கம் போகவே கூடாது. உள்ளே இருப்பவர் கை காட்டிய பிறகு, அவர் உங்களைப் பார்க்கும்படி முன்பக்கமாகக் குனிந்து போங்கள்.