டி.சி. எங்கே இருக்கிறது? – ஈஆர்பிநெக்ஸ்ட் மெனு பற்றிய சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் அலுவலகத்தைக் கவனித்துக்கொள்ளும் சகோதரி ஒருவர் எழுதிக் கேட்ட கேள்வி இரண்டு நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. "ஈஆர்பிநெக்ஸ்ட் போட்டு ஒன்பது மாதம் ஆகிறது. ஸ்டோரில் இருப்பவர்களுக்கு எது எங்கே இருக்கிறது என்று இன்னும் பிடிபடவில்லை. மெனுவை மூன்று முறை மாற்றினோம், கடைசியில் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொண்டுவந்து வைத்தோம். அப்படியும் தினமும் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். நல்ல தீம் ஒன்றை விலைக்கு வாங்கினால் சரியாகுமா?" என்று கேட்டிருக்கிறார். ஈஆர்பிநெக்ஸ்ட் என்பது கொள்முதல், இருப்பு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்த உதவும் நிறுவன மென்பொருள்.

தீம் வாங்க வேண்டாம், சகோதரி. தீம் மாற்றினால் நிறமும் எழுத்தின் அளவும் மாறும். உங்கள் ஸ்டோரில் இருப்பவர் தேடுகிற சொல் திரையில் இல்லை என்ற குறை அப்படியேதான் இருக்கும். முந்தைய காணொளிகளில் ஓடூ என்ற இன்னொரு நிறுவன மென்பொருள் பற்றிப் பேசியபோதும், ஜி.எஸ்.டி. பில் பற்றிப் பேசியபோதும் நான் திரும்பத் திரும்பச் சொன்னதைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் அறிவார்கள்: மெனுவைத் திருத்துவதற்கு முன்னால், வேலை செய்பவர் எந்த வழியாக நடக்கிறார், அந்த வழியில் எதை எந்தப் பெயரால் அழைக்கிறார் என்று பாருங்கள்.

சென்ற ஆண்டு அதே ஊரில் வேறொரு நிறுவனத்தின் ஸ்டோரில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். சாயமேற்றாத கிரே துணி ரோல்களைச் சாயப்பட்டறைக்கு அனுப்பும் பொறுப்பில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா இருந்தார். பார்ட்டி பெயர், லாட் நம்பர், எத்தனை ரோல், எத்தனை கிலோ, வண்டி நம்பர் என்று கார்பன் வைத்த புத்தகத்தில் ஒரு டி.சி.யை, அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சலானை, ஒரு நிமிடத்துக்குள் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அதையே கணினியில் போடச் சொன்னபோது அவர் கண் திரையில் 'டி.சி.'யைத் தேடியது. அது இல்லை, 'டெலிவரி நோட்' இருந்தது. டெலிவரி என்றால் அனுப்புவதுதானே என்று அதைத் திறந்தார், நிரப்பினார், சமர்ப்பித்தார்.

அங்கேதான் கோளாறு. ஈஆர்பிநெக்ஸ்ட் கணக்கில் டெலிவரி நோட் என்பது வாடிக்கையாளருக்கு விற்ற சரக்கு வெளியே போவதற்கான ஆவணம். அதைச் சமர்ப்பித்தவுடன் சரக்கு இருப்பிலிருந்து கழிந்துவிடும். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கூலிக்கு வேலை செய்து வாங்குவதற்கு, போகும் துணியோ விற்கப்படவில்லை, அது நம்முடைய சொத்தாகவே சாயப்பட்டறையில் கிடக்கிறது. அதற்குரிய இடம் 'ஸ்டாக் என்ட்ரி'. அதற்குள் நோக்கம் என்ற கட்டத்தில் 'சப்கான்ட்ராக்டருக்கு அனுப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்தால், துணி நம் கிடங்கிலிருந்து சப்ளையர் பெயரில் உள்ள கிடங்குக்கு மாறும், மொத்த இருப்பு குறையாது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவு சொல்லும்போது, துணி எந்தப் பட்டறையில் எத்தனை கிலோ கிடக்கிறது என்பதே கணக்கில் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய தொல்லை என்று எண்ணிப் பாருங்கள். அந்த அக்காவின்மீது எந்தத் தவறும் இல்லை. அவர் தினமும் செய்கிற வேலை, அவருக்குத் தெரியாத பெயரில், இரண்டு அடுக்குக்கு உள்ளே, ஒரு கீழிறங்கு பட்டியலில் இருந்தது.

ஆகவே, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைத்தது ஏன் பயன்படவில்லை என்பது இப்போது விளங்கும். தெரியாத பெயர்கள் பத்து இருந்த இடத்தில் அறுபதை வைத்தால் தேடும் நேரம் கூடும், அவ்வளவுதான். ஸ்டோருக்கென்று தனியாக ஒரு வொர்க்ஸ்பேஸ், அதாவது முகப்புப் பக்கம், உருவாக்கி, அதில் நான்கைந்து குறுக்குவழிகள் மட்டும் வையுங்கள். 2021இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது, நிரல் எழுதத் தேவையில்லை. குறுக்குவழியின் பெயரை 'ஜாப் ஒர்க் டி.சி.' என்றே எழுதுங்கள். அதோடு ஒரு வடிகட்டியையும் இணைத்தால், இன்னும் முடிக்காதவை எத்தனை என்ற எண்ணிக்கை பெயருக்குப் பக்கத்திலேயே தெரியும். காலையில் திறந்தவுடன் எங்கே கை வைக்க வேண்டும் என்பதை அந்த எண்ணே காட்டும்.

அடுத்தது, பலரும் விட்டுவிடுகிற ஒன்று. மென்பொருளில் ஸ்டோர்க்காரருக்கு வரையறுத்த பயனர் பொறுப்புக்கு (ரோல்) டெலிவரி நோட்டைப் படிக்கும் அனுமதியையே எடுத்துவிடுங்கள். மாட்யூலை, அதாவது மென்பொருளின் அந்தப் பிரிவை, மறைத்தால் பக்கவாட்டுப் பட்டியிலிருந்து அது போகும், ஆனால் அனுமதி போகாது. அனுமதியை எடுத்தால் மேலே உள்ள தேடல் பெட்டியில்கூட அந்தப் பெயர் வராது. தவறான கதவு கண்ணில் படாமல் இருப்பதும் வழிகாட்டுதலில் சேர்ந்ததுதான்.

இந்தத் தேடல் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'நியூ ஸ்டாக் என்ட்ரி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் நேராகப் படிவமே திறக்கும். பழகியவருக்கு மெனுவே வேண்டாம். ஆனால் பெயர் தெரிந்தவருக்குத்தான் அது உதவும். டேலியில் எஃப்8 என்றால் விற்பனை, எஃப்7 என்றால் ஜர்னல், எஃப்5 என்றால் பேமென்ட் என்று நம் கணக்கர்களின் விரல் பார்க்காமலே போகிறது. டேலி பிரைம் வந்த பிறகும் அந்த விசைகள் இடம் மாறவில்லை. ஈஆர்பிநெக்ஸ்ட்டிலோ இதே தேடல் பெட்டிக்கு கண்ட்ரோல் ஜி என்று இருந்தது பின்னர் கண்ட்ரோல் கே ஆனது. மாற்றுகிறவருக்கு அது ஓர் எழுத்து. விரல் பழகியவருக்கு ஒரு மாத எரிச்சல். நீங்கள் மூன்று முறை மெனுவை மாற்றினீர்கள் என்பதைப் படித்தபோது எனக்கு இதுதான் முதலில் தோன்றியது. நான்காவது முறை மாற்றுவதாக இருந்தால், அதற்கப்புறம் ஓராண்டுக்குத் தொடாதீர்கள்.

வழி என்று நான் சொல்வதன் இன்னொரு பாதி, ஓர் ஆவணத்திலிருந்து அடுத்த ஆவணத்துக்குப் போவது. ஓடூவில் விற்பனை ஆர்டரைத் திறந்தால் அதற்குரிய டெலிவரி எத்தனை, இன்வாய்ஸ் எத்தனை என்று படிவத்தின் மேற்புறப் பொத்தான்களே காட்டும். ஈஆர்பிநெக்ஸ்ட்டில் அதே வேலையை 'கனெக்‌ஷன்ஸ்' பகுதி செய்கிறது. ஜாப் ஒர்க்குக்கான சப்கான்ட்ராக்டிங் ஆர்டரைத் திறந்து அங்கிருந்தே 'டிரான்ஸ்ஃபர்' பொத்தானால் சப்ளையருக்கு அனுப்பும் பதிவை உருவாக்கினால், நோக்கம் என்ற கட்டம் தானே சரியாக நிரம்பி வரும். அந்த அக்காவுக்கு மெனுவுக்குத் திரும்ப வேண்டிய தேவையே இராது.

நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 'எங்கள் ஆட்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?' என்பது. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் யாக்கோப் நீல்சன் 2000இல் எழுதினார். உங்கள் ஸ்டோரில் ஐந்து பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, "அக்கா, இந்த நாற்பது ரோலைச் சாயத்துக்கு அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். உதவி செய்யாதீர்கள், கை காட்டாதீர்கள். அவர் முதலில் வாய்விட்டுச் சொன்ன சொல், முதலில் சொடுக்கிய இடம், திரும்பி வந்த இடம் இந்த மூன்றையும் ஆளுக்கு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இது திறமூல மென்பொருள் என்பதால், அந்தத் தாள்கள் உங்கள் அலுவலகத்தோடு நிற்க வேண்டியதில்லை. 'டி.சி.' என்ற பெயரை உலகம் முழுவதற்குமான மூலத்தில் சேர்க்க மாட்டார்கள், அது நியாயமே. ஆனால் 'ஐந்து பேரில் நான்கு பேர் ஜாப் ஒர்க்குக்கு டெலிவரி நோட்டைத் திறந்தார்கள்' என்பதுபோல் நீங்கள் கண்டதை அப்படியே, நிரலாளர்கள் குறைகளைப் பதிந்து பேசும் தளமான கிட்ஹப்பில் பதிந்தால், 'மெனு குழப்பமாக இருக்கிறது' என்ற முறையீட்டைவிட அது நிரலாளருக்குப் பன்மடங்கு பயன்படும். பதிவதற்கு முன் அந்த ஐந்து தாள்களையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்ட்டி பெயர்களை அடித்துவிட்டு, முதலில் சொடுக்கிய இடத்தை மட்டும் வட்டமிட்டு அனுப்பினால் போதும், அடுத்த காணொளியில் அவற்றை வைத்தே உங்கள் வொர்க்ஸ்பேஸை அமைத்துக் காட்டுகிறேன்.