மெயில் லிஸ்ட் ஒரு வழியா நேரா நின்னுச்சு, 85 வெள்ளிதான் வீணா போச்சு | சுங்கை சிப்புட் வ்லாக்

ஆ, சிவப்பு லைட் எரியுது, ரெக்கார்ட் ஆகுது. எல்லாரும் பசியாறிட்டீங்களா? நான் இன்னும் இல்ல, தே ஓ மட்டும்தான் உள்ள போயிருக்கு, ஏன்னா இத சொல்லாம எனக்கு தொண்டைல எறங்காது. மெயில் லிஸ்ட், அதான் வந்த மெயில எல்லாம் வரிசையா காட்டுற பக்கம், நேரா நின்னுடுச்சு! மூணு ராத்திரி. மூணு ராத்திரி உக்காந்து ஒரே ஒரு வரிய மாத்தி மாத்தி எழுதி, நேத்து பன்னெண்டேகாலுக்கு நேரா நின்னுச்சு, நான் போட்ட சத்தத்துல அம்மா எந்திரிச்சு வந்து பாம்பான்னு கேட்டாங்க.

பழைய ஆளுங்களுக்கு தெரியும் நான் மட்தான் யூஸ் பண்றேன்னு, கருப்பு ஸ்கிரீன்ல வெறும் எழுத்துல மெயில் படிக்கிறது. புதுசா வந்தவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன், மௌஸ் கெடையாது, படம் கெடையாது, எல்லாமே கீபோர்ட். 1995 வாக்குல மைக்கேல் எல்கின்ஸ்னு ஒருத்தர் எழுதினது, மட்னா கலப்பு ஜாதி நாய், அவரே சொன்னாரு மெயில் ப்ரோக்ராம் எல்லாமே மட்டம்தான், இது கொஞ்சம் கம்மியான மட்டம்னு. நம்ம ஊர் லைன பத்தி போன மாசமே பொலம்பிட்டேன், மத்தியானம் மழ கட்டுச்சுன்னா ஹேண்ட்போன்ல ஒரே ஒரு கோடு, பெரிய மெயில் பக்கம் எல்லாம் வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கும், இது மட்டும் டக்குன்னு தெறக்கும். எனக்கு அது போதும்.

சரி, மொதல்ல கோவம். கோவில் கமிட்டில நான் பொருளாளர்னு சொல்லியிருக்கேன்ல, ஆடித் திருவிழா கணக்கு வீடியோவுல ரசீது கட்டெல்லாம் காட்டினேனே. போன ஞாயித்துக்கெழம கூட்டம். நான் போகல. ஏன் போகல? நோட்டீஸ் மெயில நானே என் கையால அழிச்சிருக்கேன், எனக்கே தெரியாம! தலைவர் அண்ணன் திங்கக்கெழம கடைத்தெருல பாத்துட்டு "என்னா தங்கச்சி, கணக்கு புக்க தூக்கிக்கிட்டு ஓடிட்டியோன்னு நெனச்சோம்"னு எல்லார் முன்னாடியும் கேக்குறாரு. சிரிச்சிக்கிட்டேதான் கேட்டாரு, ஆனா பக்கத்துல மீன் வாங்கிட்டு இருந்த அக்கா சிரிக்கல.

என்ன ஆச்சுன்னா, இந்த லேப்டாப்ல டி கீ துள்ளும். ஒரு தடவ அமுக்குனா ரெண்டு தடவ போகும். மட்ல டி அமுக்குனா அந்த மெயில அழிக்க குறி போட்டுட்டு அதுவே அடுத்த மெயிலுக்கு எறங்கிடும். அப்ப துள்ளுன ரெண்டாவது டி யார் மேல விழும்? கீழ பாவம் சும்மா நின்னுக்கிட்டு இருந்த கோவில் நோட்டீஸ் மேல. அப்பறம் வெளியாகும்போது, அழிக்க குறி போட்ட 2 மெயில தூக்கிடவான்னு கேக்கும், நம்ம கை பழக்கத்துல என்டர் தட்டும், என்டர்னா ஆமான்னு அர்த்தம், போச்சு. குப்ப ஃபோல்டரும் நான் வச்சிக்கல, நேரா மேலோகம்.

இப்ப கீபோர்ட் கத. இந்த கீபோர்ட் புதுசு! புதுசுங்க! ஈப்போல ஒரு கடைல, பேரு சொல்ல மாட்டேன் கமெண்ட்ல கேக்காதீங்க, 85 வெள்ளி கொடுத்து மாத்தினது. லேப்டாப்பே செகண்ட் ஹேண்ட்ல 380 வெள்ளிக்குதான் வாங்கினேன், அதுல கால்வாசிக்கு கிட்ட கீபோர்டுக்கு கொடுத்திருக்கேன். பழசுல டி வேலையே செய்யல, புதுசுல டி ரெண்டு மடங்கு வேல செய்யுது. திருப்பி எடுத்துட்டு போனா அந்த பையன் ஒரு தடவ அமுக்கி பாத்துட்டு "நல்லாதானே இருக்கு அக்கா"ன்னுட்டான், அவன் அமுக்குனப்ப மட்டும் ஒழுங்கா ஒரு டி! பஸ் காசு, வெயிட் பண்ணப்ப குடிச்ச வெள்ளக் கோப்பி, எல்லாம் சேத்தா நூறு தாண்டிருச்சு. நூறு வெள்ளி. ஒரு கீக்கு.

நான் இத எப்படி சரி பண்ணேன்னு கேளுங்க. ஒரு வரி. காசு கெடையாது. மட்டோட செட்டிங் ஃபைல் இருக்குல்ல, டாட் மட்ஆர்சி, அதுல "செட் ரிசால்வ் ஈக்வல் நோ". அவ்ளோதான். இப்ப டி அமுக்குனா கர்சர் எறங்காது, அதே மெயில்லயே நிக்கும், ரெண்டாவது டி துள்ளி வந்தாலும் ஏற்கனவே குறி போட்ட மெயில் மேலயே விழும். செத்த பாம்ப எத்தன தடவ அடிச்சா என்ன! கீபோர்ட் இன்னும் துள்ளுதுதான், துள்ளட்டும். இத கண்டுபிடிச்சப்ப எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, அந்த கடைக்கு போயி அந்த பையன்கிட்ட காட்டிட்டு வரலாமான்னு கூட நெனச்சேன், பஸ் காச நெனச்சு விட்டுட்டேன்.

கூடவே இன்னும் ரெண்டு போட்டேன். "டெலீட்" செட்டிங்க ஆஸ்க்-நோன்னு மாத்தினேன், இப்ப வெளியாகும்போது பழக்கத்துல என்டர் தட்டினா வேணாம்னு எடுத்துக்கும், நெஜமா அழிக்கணும்னா ஒய் தட்டணும். அப்பறம் "ட்ராஷ்"னு ஒரு ஃபோல்டர காட்டிவிட்டா அழிக்கிறது எல்லாம் அங்க போயி ஒக்காந்துக்கும். இத ஆரம்பத்துலயே வச்சிருந்தா மீன் கடைல மானம் போயிருக்காது.

இரு இரு, ஒன்னு மறந்துட்டேன், இதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். ஃபைல தொடறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வச்சிக்கிங்க. இன்னொன்னு, ஒவ்வொரு தடவையும் மூடித் தெறக்க வேணாம், மட் உள்ள இருக்கும்போதே முக்காப்புள்ளி அமுக்குனா கீழ ஒரு வரி வரும், "செட்"டுன்னு அங்கயே அடிச்சு பாக்கலாம், புடிச்சிருந்தா அப்பறம் ஃபைல்ல எழுதிக்கலாம். மொத ராத்திரி பூரா நான் மூடி மூடி தெறந்துக்கிட்டு இருந்தேன், லூசு மாதிரி.

சரி, இப்ப லிஸ்டு. இதுக்குதான் மூணு ராத்திரி.

ஃபைல தெறந்தது தெறந்தாச்சு, லிஸ்டையும் அழகு பண்ணலாம்னு ஆச வந்துருச்சு. வெளிநாட்டுக்காரங்க ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பாத்தா அப்படியே கோலம் போட்ட மாதிரி இருக்கும், இடது பக்கம் பேரு, நடுவுல தலைப்பு, வலது ஓரத்துல தேதி கயிறு கட்டுன மாதிரி நிக்கும். இதெல்லாம் "இண்டெக்ஸ் ஃபார்மட்"னு ஒரே வரில வருது. பெர்சென்ட் குறி போட்டு ஒரு எழுத்து, பெரிய எஃப் போட்டா அனுப்புனவங்க பேரு, சின்ன எஸ் போட்டா தலைப்பு, நடுவுல மைனஸ் 15 புள்ளி 15ன்னு எழுதினா பேருக்கு சரியா 15 கட்டம், நீளமா இருந்தா வெட்டிடும், குட்டையா இருந்தா காலியா விட்டுடும். பெர்சென்ட்டும் கிரேட்டர் தேன் குறியும் போட்டா அதுக்கு அந்தாண்ட இருக்கிறத வலது ஓரத்துக்கு தள்ளிடும். நானும் அதே மாதிரி எழுதினேன், ஆஹா ஓஹோ, பேங்க் மெயில், கரண்ட் பில் மெயில் எல்லாம் வரிசையா நிக்குது.

அப்பறம் தமிழ் மெயில் வந்துச்சு. "பொதுக்கூட்டம் பற்றிய அறிவிப்பு"ன்னு தலைப்பு. அந்த வரில மட்டும் தேதி ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு போவுது, அதுக்கு கீழ பேரையும் தமிழ்ல வச்சிருக்கிற ஒரு மாமாவோட மெயில், அதுல தலைப்பே நகந்து நிக்குது. பழைய தகர கூரைல ஆணி புடுங்கிட்டு வந்த மாதிரி ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு பக்கம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், அதெப்படி இங்கிலீஷுக்கும் மலாய்க்கும் கை கட்டி நிக்கிது, நம்ம பாஷைக்கு மட்டும் ஆடுது?

காரணம் என்னன்னா, டெர்மினல்ங்கிறது, அதான் இந்த கருப்பு ஸ்கிரீன், கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டமா இருக்கு. ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். நம்ம எழுத்து அதுல அடங்குமா? புள்ளிக்கு தனி எடம் கெடையாது, மேல ஒக்காந்துக்கும். "பொ"ல கொம்பு முன்னாடி, காலு பின்னாடி. "ணை" ஒரு கட்டத்துல நிக்குமா, அதுக்கு ஒரு பெஞ்சே வேணும். மட் ஒரு கணக்கு போட்டு இத்தன கட்டம்னு சொல்லுது, டெர்மினல் வேற கணக்குல வரையிது, ஃபான்ட் மூணாவது கணக்கு. மூணு கிராணி ஒரே செக்ரோல் எழுதின மாதிரி, சம்பளம் எப்படி டேலி ஆகும்?

மொத ராத்திரி ஃபான்ட் மாத்தினேன். ரெண்டாவது ராத்திரி டெர்மினலயே மாத்தினேன், ஒன்னுல எழுத்து கொஞ்சம் ஒழுங்கா சேந்துச்சு ஆனா கட்டம் ஆடுறது நிக்கல, இன்னொன்னுல கொம்பு தனியா காலு தனியா செதறி கெடந்துச்சு, அத பாத்தா தமிழ்ப்பள்ளி டீச்சர் கண்ணுல ரத்தம் வரும். மூணாவது ராத்திரிதான் புத்தி வந்துச்சு. ஆடுறத நிறுத்த முடியாது, ஆனா ஆடுறதுக்கு வலது பக்கம் எதுவும் இல்லன்னா ஆடினா யாருக்கு என்ன? தேதிய தூக்கி முன்னாடி கொண்டாந்தேன். தலைப்ப கடைசில விட்டேன், அது இஷ்டத்துக்கு நீட்டிக்கிட்டு போகட்டும்.

மிச்சம் பேரு. அதுக்கு "ரிவர்ஸ் ஏலியாஸ்"னு ஒன்னு இருக்கு, அட்ரஸ் புக்ல நம்ம என்ன பேரு போட்டு வச்சிருக்கோமோ அதத்தான் லிஸ்ட்ல காட்டும், அவங்க மெயில்ல போட்டிருக்கிற பேர காட்டாது. தமிழ்ல பேரு வச்சிருக்கிறவங்க எனக்கு மொத்தமே ஆறு பேருதான், ஆறு பேருக்கும் ரூமில, அதான் இங்கிலீஷ் எழுத்துல, சின்னதா ஒரு பேரு போட்டேன், தலைவர் அண்ணனுக்கு என்ன பேரு போட்டேன்னு சொல்ல மாட்டேன், அவரும் இந்த சேனல் பாக்குறாரு. அப்பறம் சேவ் பண்ணி தெறந்தேன். நேரா நின்னுச்சு! ரூல் தடி வச்சு கோடு போட்ட மாதிரி! அப்பதான் கத்தினேன்.

கத்தி முடிச்சுட்டு சும்மா ஒரு சந்தேகத்துல மட்டோட ஒரிஜினல் வரிய பாக்குறேன், நம்பர், குறி, தேதி, பேரு, சைஸ், கடைசில தலைப்பு. நான் மூணு ராத்திரி முழிச்சு கண்டுபிடிச்சது அவங்க மொதல்லயே வச்சிருந்தது. சுத்தி சுத்தி சுப்பன் கொல்லைதான். சைஸ் மட்டும் நான் எடுத்துட்டேன், அத எனக்கு பாக்கவே புடிக்காது, எத்தன கேபின்னு தெரிஞ்சு நான் என்ன கடைல எடைக்கா போடப்போறேன்?

ஆனா ஒரு விஷயத்துல நான்தான் ஜெயிச்சேன். தேதி. ஒரிஜினல்ல தேதி நெளிஞ்ச அடைப்புக்குறிக்குள்ள, அதான் கர்லி ப்ராக்கெட்டுக்குள்ள, இருக்கு, அது அனுப்புனவங்க ஊரு நேரத்த காட்டும். சென்னைல இருக்கிற சித்தி பொண்ணு ராத்திரி பதினொன்னுக்கு மெயில் போட்டா இங்க மறுநாள் ஒன்னரை மணி, நம்ம ரெண்டரை மணி நேரம் முன்னாடி இல்லையா, ஆனா லிஸ்ட்ல முந்தின நாள் தேதி நிக்கும். சதுர அடைப்புக்குறியா மாத்தினா நம்ம ஊரு நேரம். ஒரு அடைப்புக்குறிதான் வித்தியாசம், எத்தன தடவ அவகிட்ட "நேத்தே போட்டியே"ன்னு தப்பா சண்ட போட்டிருக்கேன்.

ஆங், கலர். எல்லாரும் கலர் கேட்டீங்க. படிக்காதது மஞ்சள், கமிட்டி மெயில் பச்சை, கர்சர் நிக்கிற வரி வெள்ள பின்னணி, அவ்ளோதான், அதுக்கு மேல போட்டா பாசார் மாலாம் லைட்டு மாதிரி ஆகிடும். சிவப்பு எனக்கு வேணவே வேணாம், சிவப்ப பாத்தா பேங்க் ஞாபகம் வருது.

கலர விட எனக்கு உயிரு எது தெரியுமா, பேருக்கு முன்னாடி வர்ற குட்டி குறி. ப்ளஸ் இருந்தா மெயில் எனக்கு மட்டும் வந்திருக்கு. டீ, குடிக்கிற டீ இல்ல, இங்கிலீஷ் டீ, அது இருந்தா எனக்கும் இன்னும் நாலு பேருக்கும் சேத்து. சி இருந்தா சும்மா காப்பி போட்டிருக்காங்க. ப்ளஸ்ஸுக்கு ஒடனே பதில், டீக்கு சாயந்தரம், சிக்கு யாரு பதில் போடுறது, போங்க லா.

அப்பறம் ஸ்பேஸ் பார். மெயில் படிச்சிக்கிட்டே ஸ்பேஸ் தட்டுவோம், கடைசி வரிக்கு வந்தப்பறமும் ஒரு தட்டு தட்டினா அடுத்த மெயிலுக்கு தாவிடும், அதுவும் படிச்சதா ஆகிடும். "பேஜர் ஸ்டாப்" யெஸ்னு போட்டா அங்கயே நிக்கும். நீள வரி மடங்குற எடத்துல ப்ளஸ் குறி போடுமே, "மார்க்கர்ஸ்" நோ, அந்த எழவு போயிடும்.

அட, முக்கியமானத விட்டுட்டேன் பாத்தீங்களா! லாம்பிரான், மலாய்ல இணைப்பு! நான் எத்தன தடவ "இத்துடன் கணக்கு இணைச்சிருக்கேன்"னு எழுதிட்டு இணைக்காம அனுப்பியிருக்கேன், அந்த மானக்கேட்ட தனி வீடியோவா போட்டேன். மட்ல "அபார்ட் நோஅட்டாச்"னு ஒன்னு இருக்கு, ஆஸ்க்-யெஸ்னு வச்சா, மெயில்ல அட்டாச்ங்கிற வார்த்தை இருந்து ஃபைல் இல்லன்னா அனுப்பாம நிறுத்திக் கேக்கும். ஆனா அதுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும், நம்ம மாவட்ட ஆபீஸுக்கு மலாய்ல எழுதுறோம், கமிட்டிக்கு தமிழ்ல எழுதுறோம். வார்த்தைய நம்மளே மாத்தலாம், நான் போட்டது அட்டாச், ஒரு நெட்டுக்கோடு, லாம்பிர், ஒரு நெட்டுக்கோடு, இணை. லாம்பிர்னு பாதில விட்டது வேணும்னேதான், லாம்பிரான், டிலாம்பிர்கான் எல்லாத்துலயும் அது இருக்கு, "இணை"யும் அதே மாதிரி, இணைப்பு, இணைத்துள்ளேன் எல்லாம் மாட்டும். நேத்தே ஒரு தடவ மாட்டிக்கிட்டேன், "இணையத்துல பாருங்க"ன்னு சித்தி பொண்ணுக்கு எழுதினேன், ஃபைல் எங்கன்னு கேக்குது. கேக்கட்டும், கேக்காம விட்டத விட பரவால்ல.

இந்த ஃபைல கீழ போடவான்னு கேப்பீங்க, போடுறேன், ஏலியாஸ் பேரெல்லாம் எடுத்துட்டுதான். அம்மா கூப்பிடுறாங்க, தோசை ஆறுதாம். இருங்க, மெயில் ஒன்னு வந்திருக்கு... கமிட்டிதான், பச்சை, டீ போட்டு நிக்குது. புதன்கெழம 8 மணிக்கு கூட்டம், கணக்கு புக்கோட வரணுமாம்.