இதயத்தைச் சூழ்ந்த கொழுப்பும் வன்னியின் வீதிகளும்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அறுவடைக் காலத்து அலுவல்களுக்கு நடுவிலும் வருகை தந்து இம்மேடையைச் சிறப்பித்துள்ள பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, வைத்திய அதிகாரி அவர்களே, அருட்தந்தை அவர்களே, ஆலய பரிபாலன சபையினரே, வெயிலென்றும் மழையென்றும் பாராது வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தர்களே, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கச் சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இச்சனசமூக நிலையம் மீண்டும் எழுவதற்குத் தோள்கொடுத்த புலம்பெயர் உறவுகளையும் நன்றியோடு நினைவுகூருகிறேன்.

இதயத்தைச் சூழ்ந்த கொழுப்பு எத்தகையது, இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகளை அது எவ்வாறு கெடுக்கிறது, அதனை எவ்வாறு அளப்பது என்னும் மூன்று விடயங்களையும், நம் வீதிகளில் சைக்கிள் பாதை வேண்டும் என்னும் நம் நெடுநாள் கோரிக்கையையும் பேச வந்துள்ளேன். வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பதைக் குளத்தை நம்பி வாழும் நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இதயத்தசைக்கும் அதைப் போர்த்திய உறைக்கும் இடையே எல்லோருக்கும் கொழுப்பு உண்டு. இதயத்தின் மேற்பரப்பில் ஏறத்தாழ 80 வீதத்தை அது மூடியிருக்கிறது. அளவோடு இருக்கும்வரை அது இதயத்தசைக்குச் சத்தைச் சேமித்துத் தருகின்ற நல்ல துணை. ஆனால் முடியுரு நாடிகள் இந்தக் கொழுப்புக்குள் புதைந்தே ஓடுகின்றன; இரண்டையும் பிரிக்கும் சவ்வு எதுவும் இல்லை. கொழுப்பு மிகுந்து நோயுறும்போது, அது சுரக்கும், திசுக்களை வீங்கச்செய்து புண்படுத்தும் அழற்சிப் பொருட்கள் நாடியின் சுவருக்கு நேரே சென்று சேர இடமுண்டு. 2003 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதய அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்களின் இதயத்திலிருந்தும் காலின் தோலடியிலிருந்தும் கொழுப்பை எடுத்து ஒப்பிட்டபோது, இதயக் கொழுப்பிலேயே அழற்சிப் பொருட்கள் மிகுந்திருந்தன. இக்கொழுப்பைத் தொடாமல் நாடி தசைக்குள் மூழ்கி ஓடும் இடங்களிலோ, நாடியை அடைக்கும் படிவு அரிதாகவே காணப்படுகிறது. அதற்கு வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. புகைத்தல், சீனி வருத்தம், உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றின் பங்கை இக்கொழுப்பின் மேல் நான் ஏற்றிவிடவில்லை.

மல்லாவிப் பக்கத்துக் கமக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எரிபொருள் தடையிருந்த போர்க்காலத்தில் நெல் மூட்டையைச் சைக்கிளில் கட்டி ஆலைக்கு மிதித்தவர் அவர். பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. வளவின் படலையிலிருந்து வயல் வரம்புவரை அதிலேயே போனார். கைகால்கள் மெலிந்தே இருந்தன, ஆகவே கொழுப்பு என்ற பேச்சையே அவர் ஏற்கவில்லை. ஒருநாள் நெஞ்சு இறுகியது. வாய்வு என்று சொல்லிச் சோடா குடித்துப் படுத்தவரை, "மாமா, வியர்வையைப் பாருங்கோ" என்று மருமகள் விடாப்பிடியாக வைத்தியசாலைக்கு ஏற்றினாள். ஈசிஜி எடுத்து, அம்புலன்சில் யாழ்ப்பாணம் அனுப்பிக் காப்பாற்றினார்கள். அங்கே இளம் வைத்தியர் ஒருவர் அவருடைய இடுப்புப் பட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தாராம். கடையில் போட்ட துளைகளுக்கு அப்பால், ஆணியால் குத்திய துளைகள் ஒவ்வொன்றாக நுனியை நோக்கிப் போயிருந்தன. "ஐயா, நீங்கள் எப்போது சைக்கிளை விட்டீர்கள் என்று இதிலே எழுதியிருக்கிறது" என்றாராம் அந்த வைத்தியர். வெள்ளம் வருமுன் அணை கோலியிருக்கலாமே என்று அந்த மனிதர் இப்போது காண்போரிடமெல்லாம் சொல்கிறார்.

அளவீட்டைப் பொறுத்தவரை, இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோவும் சி.டி. ஸ்கானும் இக்கொழுப்பைக் காட்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வயிற்றில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கு இதயத்தைச் சுற்றியும் அது மிகுந்திருப்பது வழக்கம்; ஆகவே இடுப்புச் சுற்று நம் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினால் கவனம் வேண்டும். ஒல்லியானவர்களும் அளந்து பார்க்க வேண்டும்.

உடலுழைப்பால் இக்கொழுப்பு குறையும் என ஆய்வுகள் காட்டுகின்றன. நடக்கவும் மிதிக்கவும் நம் மக்களுக்கு மனமுண்டு, வழியில்லை. ஏ-9 வீதியில் பேருந்தும் பாரவூர்தியும் பறக்கையில், பள்ளிக்கூடப் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்ப எந்தத் தாய் துணிவாள்? அவ்வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது என்பதை அறிவேன். ஆனால் பாடசாலைக்கும் சந்தைக்கும் செல்லும் உள்வீதிகள் பிரதேச சபையினுடையவை. அவற்றின் ஓரமாகச் சைக்கிள் பாதையும், அதன் நெடுகே வேம்பும் மருதும் வேண்டும் என்றே இவ்வளவு காலமாகக் கேட்டுவருகிறோம். வெள்ளம் வருமுன் அணை கோலும் வேலை இதுவே.

கோரிக்கை மனு வாசலருகே மேசையில் உள்ளது. கையொப்பங்கள் சேர்ந்ததும், தவிசாளர் அவர்கள் புறப்படுமுன் இம்மேடையிலேயே அதைக் கையளிக்க அனுமதி வேண்டுகிறேன்.