அந்த உரிமை கடைக்காரர் கையில் நிற்காது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் உரிமை கடைக்காரருக்கு வேண்டுமா, வேண்டாமா?' என்பது இன்றைய தலைப்பு. வேண்டும் என்று பேசிவிட்டுப் போன நண்பர் மூன்று வாதங்களை வைத்தார். கடை அவருடைய சொத்து, முதல் போட்டது அவர். குடித்துவிட்டு வந்து ரகளை செய்கிறவனுக்கும் இலை போட வேண்டுமா? இந்தக் கடையில் இல்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போகட்டும், நஷ்டம் மறுத்தவருக்குத்தானே?

ரகளை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ரகளை செய்பவனைத் தாராளமாக வெளியே அனுப்புங்கள். காசு தராதவனை, வேலை பார்க்கும் பெண்ணிடம் வம்பு பேசுகிறவனை, கடை சாத்திய பிறகு வந்து கதவைத் தட்டுகிறவனை அனுப்புங்கள். எந்தச் சட்டமும் உங்கள் கையைப் பிடிக்காது. அது அவன் செய்த காரியத்துக்கான பதில். எங்கள் வாதம், ஒரு தப்பும் செய்யாமல் கையில் காசோடு வந்து நிற்கிறவரைப் பற்றியது.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த சின்னப் பிள்ளைகள் பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போகிறார்கள். கொடுக்க முடியாது, ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடையிலிருந்து குரல் வருகிறது. கட்டுப்பாடு என்றால் என்னவென்று அந்த வயதில் எப்படித் தெரியும்? அது செல்போனில் பதிவாகி ஊர் உலகமெல்லாம் பார்த்தது. வழக்குப் பதிவானது, கைது நடந்தது, கடைக்கு சீல் வைத்தார்கள்.

நடுவர் அவர்களே, அங்கே சொல்லப்பட்ட காரணத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். என் கடை, என் இஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை. ஊர் முடிவு செய்திருக்கிறது என்றுதான் சொன்னார்கள். அங்கே நடந்ததற்கு நான் சப்பைக்கட்டு கட்டவில்லை. ஆனால் எதிரணி கேட்கும் உரிமை எப்படி வேலை செய்யும் என்பது அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. மறுக்கும் உரிமையைக் கடைக்காரரிடம் கொடுத்தால் அது அவர் கையில் நிற்காது. மறுநாளே ஊரில் பெரிய கை யாரோ, அவரிடம் போய்விடும். 'உனக்குத்தான் சட்டப்படி உரிமை இருக்கிறதே, அவர்களுக்கு ஏன் விற்கிறாய்?' என்று நாலு பேர் வந்து கேட்பார்கள். எல்லாருக்கும் விற்க நினைக்கிற நல்ல மனுஷன் அப்போது என்ன பதில் சொல்வார்? இன்றைக்கு அவரிடம் ஒரு பதில் இருக்கிறது: 'கொடுக்காவிட்டால் ஜெயிலுக்குப் போவது நான்தான், ஆளை விடுங்கள்.' அந்தப் பதிலை அவருக்குக் கொடுத்தது சட்டம். அதைப் பிடுங்கிக்கொண்டு, உரிமை தருகிறோம் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

பக்கத்துக் கடைக்குப் போகலாம் என்றார். எந்தப் பக்கத்துக் கடை? கட்டுப்பாடு என்று வந்துவிட்டால் டீக்கடை, சலூன், மளிகை எல்லாம் சேர்ந்துதான் கதவைச் சாத்தும். இரட்டைக் குவளை முறை ஒரு டீக்கடைக்காரருடைய தனி ரசனையாகவா இருந்தது? ஊர் ஊராக இருந்தது. முடி வெட்டிக்கொள்ள பஸ் ஏறி டவுனுக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குவளையை எடுத்த இடத்திலும் ஒருவருக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொருவருக்குப் பேப்பர் கப் என்று புது வழி வந்தது. டீ ஒன்று, விலை ஒன்று, கை மட்டும்தான் வேறு.

இதை நம் சட்டம் எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறது தெரியுமா? 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், ஆறாவது பிரிவு. மற்றவர்களுக்கு எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த நிபந்தனையில் விற்கிறீர்களோ, அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் விற்க வேண்டும். தீண்டாமை பார்த்து மறுத்தால் குற்றம். பின்வாசல் வழியாகக் கொடுத்தேன், அப்புறமாகக் கொடுத்தேன் என்ற சாக்குக்கெல்லாம் அதில் இடமில்லை.

அதற்கு மேலே அரசியல் சாசனம் இருக்கிறது. பிரிவு 15, உட்பிரிவு 2: மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் இவற்றைக் காட்டி எந்தக் குடிமகனையும் கடையிலோ, உணவகத்திலோ, விடுதியிலோ, பொழுதுபோக்கு இடத்திலோ தடுக்கக் கூடாது. 1948 நவம்பரில் இது அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தபோது, கடை என்றால் எதுவரை என்ற கேள்வி எழுந்தது. தேடி வருகிற யாருக்கும் தன் சேவையைத் தர முன்வருகிறவருடைய இடம் எல்லாமே கடைதான் என்ற பொருளில் அம்பேத்கர் விளக்கம் கொடுத்தார். சொத்து உங்களுடையதுதான் நண்பரே, யாரும் பறிக்கவில்லை. உங்கள் வீட்டுக்கு யாரைக் கூப்பிடுவது என்பது உங்கள் விருப்பம். தெருவைப் பார்த்துக் கதவைத் திறந்து, போர்டு மாட்டி, வாருங்கள் என்று அழைத்த பிறகு, வந்தவருடைய பிறப்பை விசாரிக்க முடியாது.

இது கிராமத்துக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2023 மார்ச் மாதம், சென்னை கோயம்பேட்டில் ஒரு தியேட்டர். நரிக்குறவர் குடும்பம், பிள்ளைகளோடு, கையில் டிக்கெட்டோடு நிற்கிறது. உள்ளே விடவில்லை. வீடியோ பரவிய பிறகு நிர்வாகம் சொன்ன காரணம், படம் யு/ஏ சான்றிதழ் பெற்றது, பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயது ஆகவில்லை என்பது. பெற்றோர் கூட வந்தால் பார்க்கலாம் என்பதுதானே யு/ஏ? சுற்றி இருந்தவர்கள் கேள்வி கேட்ட பிறகுதான் அவர்களை உள்ளே அனுப்பினார்கள். அங்கே அந்தக் குடும்பத்துக்கு ஏது பணபலம், ஆள்பலம்? டிக்கெட் வாங்கிய மற்றவர்களால் 'இது தப்பு' என்று தைரியமாகச் சொல்ல முடிந்ததென்றால், சட்டம் அவர்கள் பக்கம் இருந்ததால்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது என் மனதை அறுக்கிறது. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டிக்குத் தடை போட்டால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் நான் முன்பு சொன்ன ஆறாவது பிரிவில் அபராதம் எவ்வளவு? குறைந்தது 100 ரூபாய், அதிகம் போனால் 500. சிறை ஒரு மாதம் முதல் ஆறு மாதம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதைவிடக் கடுமையானது, அது உண்மை. என்றாலும் வேட்டிக்கு ஒரு கணக்கு, மனுஷனுக்கு ஒரு கணக்கா? நாம் கூடிப் பேச வேண்டியது இந்த 500 ரூபாயை எப்படி உயர்த்துவது என்று. எதிரணி அதையும் எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

நடுவர் அவர்களே, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வாங்கித் தாருங்கள். காரணம் சொல்லாமல் மறுக்கும் உரிமையை நாளைக்கே சட்டமாக எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு ஒரு தகப்பன், கடையில் விரட்டிவிட்ட பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினால், இன்ஸ்பெக்டர் எந்தப் பிரிவில் வழக்கு எழுதுவார்?