வள்ளக் கொப்பியும் தொடைக் கணிதமும்

(திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

பிள்ளைகள், சாதாரண தரத்துக்கு நீங்கள் எல்லோரும் தொடை படித்திருப்பீர்கள். ஒன்றிப்பு, இடைவெட்டு, நிரப்பி, இரண்டு வட்டம் கீறி நிழற்றுவது. "சேர், இதை எங்கே பாவிக்கப் போகிறோம்?" என்று கேட்காத வகுப்பை நான் கண்டதில்லை. அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன். வங்கியில் உங்கள் கணக்கைத் தேடும்போதும், இணையத்தில் பரீட்சை முடிவு பார்க்கும்போதும், பெரும்பாலும் பின்னால் ஓடுவது நீங்கள் படித்த அந்தத் தொடைக் கணிதம்தான்.

சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு மீனவர் சங்கத்துக்குக் கணினியில் பதிவேடு செய்து கொடுத்தேன். அதுவரை அவர்களிடம் இரண்டு கொப்பிகள் இருந்தன. ஒன்றில் வள்ளத்தின் இலக்கம், உரிமையாளர், ஊர். மற்றதில் திகதி, வள்ள இலக்கம், மீன், கிலோ. இரண்டாவது கொப்பி கரையிலேயே கிடக்கும். ஈரக் கையால் புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் ஊதிப் போயிருந்தது. ஒரு பக்கத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். வள்ளங்கள் நான்கு: 11, 12, 13, 14. மீன் கொப்பியில் ஆறு வரிகள். 11க்கு இரண்டு, 12க்கு இரண்டு, 14க்கு ஒன்று. ஆறாவது வரியில் "சூரை, 40 கிலோ" என்று இருக்கிறது. வள்ள இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் மை கரைந்து ஒன்றும் தெரியவில்லை. அந்த வரியை மறந்துவிடாதீர்கள், பிறகு அதற்கு வருவேன்.

இந்த இரண்டு கொப்பியையும் எப்படிச் சேர்ப்பது? கணிதம் சொல்லும் வழி முதலில் முரட்டுத்தனமாகத் தெரியும். நான்கு வள்ளங்களில் ஒவ்வொன்றையும் ஆறு வரிகளில் ஒவ்வொன்றோடும் சோடி சேர். 24 சோடி. இதுதான் தெக்காட்டின் பெருக்கம். அப்புறம் இரண்டு பக்கமும் இலக்கம் ஒத்துப்போகிற சோடிகளை மட்டும் வைத்துக்கொள். ஐந்து மிஞ்சும். "ஜொயின்" என்று நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: பெருக்கு, பிறகு தெரிவு செய்.

இங்கே பலருக்கும் உள்ள ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். இப்படி அட்டவணைகளாகத் தரவை வைக்கும் கணினிப் பதிவேட்டுக்குத் "தொடர்புநிலைத் தரவுத்தளம்" என்று பெயர். அந்தப் பெயர் அட்டவணைகளைத் தொடுத்து வைப்பதால் வந்தது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. கணிதத்தில் தெக்காட்டின் பெருக்கத்தின் எந்த உபதொடையும் ஒரு "தொடர்பு". சாத்தியமான எல்லா இலக்கம், எல்லா உரிமையாளர், எல்லா ஊர் என்று பெருக்கினால் வரும் பெருங்கூட்டத்தில், உண்மையாக உள்ளவற்றை மட்டும் பொறுக்கி எடுத்ததே அந்த வள்ளக் கொப்பி. ஆக, ஒரேயொரு அட்டவணை தனியாக இருந்தாலும் அது தொடர்புதான்.

இதைத் தரவுக்குப் பொருத்தியவர் எட்கார் கொட். ஒக்ஸ்போர்டில் கணிதம் படித்தவர். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுகூடத்தில் இருந்தபடி 1970இல் தன் கட்டுரையை வெளியிட்டார். 1981இல் கணினித் துறையின் உயர்ந்த விருதான டியூரிங் விருது பெற்றார். அவருக்கு முந்திய தரவுத்தளங்களில், தரவு எந்த வழியாகப் போனால் கிடைக்கும் என்பதை நிரல் எழுதுபவரே அறிந்திருக்க வேண்டும். கொட் அதை மாற்றினார். என்ன வேண்டும் என்பதை மட்டும் நீ சொல், எப்படி எடுப்பது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

இயந்திரம் அதை எப்படிப் பார்த்துக்கொள்கிறது? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். தெரிவு, எறியம் (வேண்டிய நிரல்களை மட்டும் எடுப்பது), பெருக்கம், ஒன்றிப்பு, வித்தியாசம் எல்லாமே தொடர்பை வாங்கித் தொடர்பையே திருப்பித் தரும். எண்ணோடு எண்ணைக் கூட்டினால் எண்ணே வருவது போல. அதனால் அட்சரகணிதக் கோவையைச் சுருக்குகிற மாதிரி இவற்றையும் இடம் மாற்றலாம். 1,000 வள்ளம், 1,00,000 மீன் வரி என்று வைத்துக்கொள்வோம். கிண்ணியா வள்ளங்கள் நேற்றுப் பிடித்தது வேண்டும். பெருக்கிவிட்டுத் தெரிவு செய்தால் 10 கோடி சோடி. கிண்ணியா வள்ளம் 50, நேற்றைய வரி 300 என்று முதலில் தெரிவு செய்துவிட்டுப் பெருக்கினால் 15,000 சோடி. விடை ஒன்றே. இரண்டும் சமம் என்று நிறுவ முடிவதால்தான் இயந்திரம் துணிந்து வரிசையை மாற்றுகிறது.

சரி, அந்த ஆறாவது வரி.

சங்கத் தலைவர் ஒருநாள், "தம்பி, கடலுக்குப் போகாத வள்ளங்களை எடுத்துத் தாரும்" என்றார். சின்ன வேலை என்று நினைத்தேன். மீன் பதிவில் இல்லாத இலக்கங்களைக் கேட்டு, "நொட் இன்", அதாவது "இதில் இல்லை", போட்டு ஒரு வரி எழுதினேன். 13 வர வேண்டும். ஒன்றுமே வரவில்லை. இரவு முழுக்க இருந்து பார்த்தேன். எழுதியதில் பிழை தெரியவில்லை.

விளக்கம் டி மோர்கனின் விதியில் இருந்தது. ஒகஸ்டஸ் டி மோர்கன் 1806இல் மதுரையில் பிறந்த கணிதவியலாளர். தொடர்புகளின் தருக்கத்தைப் பற்றி 1860இலேயே எழுதியவரும் அவர்தான். "அல்லது" என்பதன் மறுப்பு, மறுப்புகளை "உம்" போட்டுச் சேர்த்தது ஆகும் என்பது நீங்கள் படித்த விதி. "13 இந்தப் பட்டியலில் இல்லை" என்பது "13, 11 அல்ல, 12உம் அல்ல, 14உம் அல்ல, அந்த வெற்றிடமும் அல்ல" என்று விரியும். முதல் மூன்றும் உண்மை. கடைசியானது? வெற்றிடத்தில் என்ன இலக்கம் என்று தெரியாதபோது, அது 13 அல்ல என்று எப்படிச் சொல்வது? தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கிற மொழியான எஸ்.கியூ.எல். இங்கே உண்மை, பொய், தெரியாது என்று மூன்று பெறுமானம் வைத்திருக்கிறது. உண்மையும் தெரியாததும் உம்மால் சேர்ந்தால் தெரியாது. நிச்சயமாக உண்மையான நிரையை மட்டுமே அது திருப்பித் தரும். மற்ற மூன்று வள்ளங்களும் பட்டியலில் இருப்பதால் அவற்றுக்கு விடை பொய். ஆக, வெறும் திரை.

வெற்றிடத்தை விலக்கிவிட்டுக் கேட்டால் 13 உடனே வரும். அப்படித்தான் பாடப்புத்தகத் திருத்தமும் சொல்லும். நானும் எழுதிவிட்டு அனுப்பப் போனேன். பிறகு கை நின்றுவிட்டது. அந்த 40 கிலோ சூரை 13இன் மீனாக இருந்தால்? இயந்திரம் "தெரியாது" என்று சரியாகத்தானே சொல்லியிருக்கிறது?

விடியக் கரைக்குப் போய், கொப்பி எழுதுகிற ஐயாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது பதினாலின்ர ரெண்டாவது பாடு, தம்பி. ஐஸ் இல்லாமக் கிடந்தது, நானே நிறுத்தனான்" என்றார். பேனையை வாங்கி வெற்றிடத்தில் 14 என்று எழுதினேன்.